கேளுங்கள், சொல்கிறேன்: லேபலில் இருப்பதும் போத்தலில் இருப்பதும்

கேள்வி: புறக்கோட்டையில் தெரிந்த ஒருவரிடம் அம்மாவுக்கு மூட்டுவலிக் குளிகை வாங்கினேன். 'நூறு வீதம் மூலிகை, பக்கவிளைவு இல்லை' என்று லேபலில் இருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. ஆனால் என் மகன், இப்படிப் பொய் லேபல் ஒட்டிய மருந்துகளை அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள், இங்கேதான் கேட்க ஆளில்லை என்கிறான். உண்மையா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: மகன் சொன்னதில் பாதி சரி. 1906இல் சட்டம் போட்டார்கள். ஒழித்தார்களா என்றால், அது இழுத்துக்கொண்டே போன கதை.

அந்தக் காலத்தில் அங்கே பல் முளைக்கும் குழந்தை அழுதால் கொடுக்கிற சிரப்பில் மோர்ஃபின் இருந்தது. லேபலில் அது இல்லை, தாய்க்கும் தெரியாது. குழந்தை தூங்கியது, சில குழந்தைகள் எழும்பவே இல்லை. விவசாயத் திணைக்களத்தின் தலைமை இரசாயனவியலாளர் ஹார்வி வைலி வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார், 1905இல் பத்திரிகைகளும் சேர்ந்து புட்டுப் புட்டு வைத்தன, மறு வருடம் ஜூன் 30இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். சட்டம் மோர்ஃபினைத் தடை செய்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மதுசாரம், அபின், கொக்கேயின், கஞ்சா மாதிரிச் சரக்குகள் உள்ளே இருந்தால் லேபலில் சொல்லு என்றது, அவ்வளவுதான்.

1911இல் இன்னொரு கூத்து. புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொய் சொல்லி மருந்து விற்றவர் மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்ளே என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், அது என்ன செய்யும் என்று அளந்துவிட்டால் இந்தச் சட்டம் தொடாது என்று தீர்ப்பு. அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் விற்றார் என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு ஓட்டையையும் கூடவே வைத்தார்கள். 'நான் நம்பித்தான் ஐயா விற்றேன்' என்றால் முடிந்தது. அந்தக் காலத்தில் பாம்பெண்ணெய் என்று பேர் போன ஒரு போத்தலைப் பரிசோதித்தால் கனிம எண்ணெய், ஒரு வீதம் கொழுப்பு (மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம் என்றார்கள்), மிளகாய்ச் சாறு. விற்றவருக்கு அபராதம் 20 டொலர்!

1937இல் ஒரு கம்பனி கிருமித் தொற்றுக்குக் கொடுக்கிற சல்ஃபா மருந்தை டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து 'எலிக்சிர்' என்று விற்று, நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதில் நிறையக் குழந்தைகள். ஆளைக் கொன்ற மருந்தைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் கிடைத்த காரணம் எது தெரியுமா? எலிக்சிர் என்றால் மதுசாரம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபல் பொய்! விற்பதற்கு முன்பே பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938இல்தான் வந்தது.

சரி, அம்மாவின் குளிகைக்கு வருவோம். இரண்டே நாளில் வலி போனது உங்களுக்குச் சந்தோஷம், எனக்கு அதுதான் சந்தேகம். மூலிகை என்று விற்கிற மூட்டுவலிக் குளிகைகளில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீரொய்டும் வலிநிவாரணியும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்ட சங்கதி. அப்படி இருந்தால் வலி மாயமாகும், பசி கூடும், முகம் ஊதும், சுகர் ஏறும். பல நாளாகக் குடிக்கிறார் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. போத்தலோடு நாளைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

கேட்க ஆளில்லை என்பது சரியில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, அங்கே பதியாத ஆங்கில மருந்தை விற்கக்கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேதத் திணைக்களத்துக்குள் வரும். 'தெரிந்தவர்' பையிலிருந்து எடுத்துத் தருகிற போத்தலைத் தேடி அவர்கள் எங்கே போவார்கள், சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டன்ட் மருந்து என்றால் காப்புரிமை பெற்றதுதானே?
(ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: பெரும்பாலும் இல்லை, தம்பி. மேலே சொன்ன சிரப், பாம்பெண்ணெய் மாதிரி அந்தக் காலத்தில் கடையில் விற்ற போத்தல் மருந்துகளைத்தான் அப்படிச் சொன்னார்கள். காப்புரிமை கேட்டால் உள்ளே என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே! பெயரையும் லேபலையும் மட்டும் பதிந்துகொண்டு சரக்கை இரகசியமாக வைத்துக்கொண்டார்கள். முன்பு இங்கிலாந்தில் சிலருக்கு அரசர் கொடுத்த உரிமைப் பத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கேள்வி: லேபல் பொய் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது?
(ஒரு வாசகர், தெமட்டகொடை)

பதில்: போத்தலையும் பில்லையும் எறியாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். எனக்கே ஒருமுறை நடந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய இருமல் சிரப்பை ஈரக்கையால் பிடித்தேன், ஸ்டிக்கரின் மூலை உரிந்து வந்தது, அடியில் வேறொரு காலாவதித் திகதி, எட்டு மாதம் முந்தியது. கடைக்குத் திரும்பிப் போனால் பில் எங்கே என்றார்கள். அதைத்தான் வாங்கிய அன்றே கசக்கி எறிந்திருந்தேன்.