“சமாளிக்கிறன்” என்று எழுதாதீர்கள்

கேள்வி: என் தங்கை லண்டன் ஹரோவில் இருக்கிறாள். வயது 39. நாலு வருடத்துக்கு முன் ஒரு வைரஸ் காய்ச்சலோடு தொடங்கிய களைப்பு இன்னும் விடவில்லை. எம்.ஈ. (நீண்டகாலக் களைப்பு நோய்) என்று அங்கே உறுதிப்படுத்திவிட்டார்கள். நோயால் அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுகிறவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு தரும் ‘பிப்’ கொடுப்பனவு அவளுக்கு வருகிறது. அதை மீள்மதிப்பீடு செய்யப் போவதாகப் படிவம் வந்திருக்கிறது. போன முறை ஃபோனில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் “ஓம், செய்வன்” என்று சொல்லி, சரியாக 8 புள்ளியோடு தப்பினாள். இந்த முறை வெட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். கொழும்பிலிருந்து நான் என்ன செய்யலாம்? “இஞ்ச வந்து ரெண்டு மாதம் கிடந்தால் எல்லாம் சரியாகும்” என்று அம்மா கூப்பிடுகிறார். வரலாமா? இனி நாலு புள்ளிச் சட்டம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடுவோம். பிப்பில் ஒரு செயலைச் செய்வது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கூடிய புள்ளி. சமையல், குளியல் போன்றவை அடங்கும் அன்றாட வாழ்வுப் பகுதியில் ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்ற திட்டத்தை பிரிட்டிஷ் அரசு 2025இல் முன்வைத்தது உண்மை. அதே வருடம் ஜூலையில் அந்தப் பிரிவைச் சட்டமூலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 10 செயல்களிலும் சேர்த்து 8 புள்ளி என்றால் சாதாரண வீதம், 12 என்றால் கூடிய வீதம். அந்தக் கணக்கில் மாற்றமில்லை.

உங்கள் தங்கையைப் போன முறை விழுத்தப் பார்த்தது அந்த “ஓம், செய்வன்”தான். சுகம் கேட்டால் “பரவாயில்லை, சமாளிக்கிறன்” என்று சொல்லிப் பழகிய வாய் நமது. மதிப்பீட்டாளர் அதை அப்படியே ‘உதவியின்றிச் செய்கிறார், 0 புள்ளி’ என்று எழுதிக்கொள்வார். ஒரு தடவை செய்ய முடியுமா என்பதல்ல சட்டத்தின் கேள்வி. ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்றே அது கேட்கிறது. நியாயமான நேரம் என்பது, நோயில்லாத ஒருவருக்கு அதிகபட்சம் எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்கு வரை. எம்.ஈ. உள்ளவருக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ‘திரும்பத் திரும்ப’ என்பதுதான். காலையில் முட்டை பொரித்தவர் அந்தக் களைப்பில் இரவுச் சாப்பாட்டைச் செய்ய முடியாமல் படுத்தால், சமைக்க முடிகிறது என்று கணக்கில்லை.

சமையலையே எடுப்போம், அதிகம் பிழை விடுவது அங்கேதான். “முந்தி மாதிரி சோறு கறி வைக்க ஏலாது” என்று எழுதினால் ஒரு புள்ளியும் வராது. அவர்கள் கேட்பது ஒரே ஒரு ஆளுக்கு, புதிதாக வெட்டிச் சமைக்கும் ஒரு எளிய சாப்பாடு. அடுப்பும் இடுப்பு உயரத்தில் அல்லது அதற்கு மேலே என்று வைத்தே பார்ப்பார்கள். ஆகவே குனிந்து ஓவன் கதவைத் திறக்கும் கஷ்டத்தை எழுதிப் பயனில்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: “ஒரு வெங்காயமும் ஒரு கரட்டும் வெட்டுவதற்குள் கை நடுங்குகிறது. உயரமான ஸ்டூலில் இருந்துதான் வெட்டுகிறேன். அடுப்பில் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போய், அதை மறந்து, போன மாதம் இரண்டு தடவை சட்டி கருகியது. வாரத்தில் மூன்று நாளாவது வேறு யாராவது வெட்டித் தர வேண்டியிருக்கிறது.” ஸ்டூல் ஒரு துணைக்கருவி, அதற்கு 2 புள்ளி. ஆள் உதவி என்றால் 4. அடியோடு முடியாது என்றால் 8.

நாளுக்கு நாள் மாறினால் என்ன செய்வது? 12 மாதக் காலத்தில், அதாவது போன 3 மாதமும் வரப்போகும் 9 மாதமும், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எது பொருந்துகிறதோ அதுதான் புள்ளி. எதுவுமே தனியாகப் பாதியைத் தாண்டாவிட்டால், பொருந்துகிறவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். வாரத்தில் 2 நாள் ஸ்டூலோடு, 3 நாள் ஆள் உதவியோடு, 2 நாள் அறவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்தால் பாதியைத் தாண்டுகிறது. அதில் கூடிய நாட்கள் ஆள் உதவிக்கு, ஆகவே 4 புள்ளி. “சில நாள் ஏலும், சில நாள் ஏலாது” என்று எழுதிவிட்டால் இந்தக் கணக்கைப் போட யாராலும் முடியாது. எண்களை எழுத வேண்டும். ஒரு நாளின் ஒரு பகுதியில் மட்டும் முடியாமல் போனாலும், அது சொற்பமான நேரமாக இல்லாவிட்டால் அந்த நாள் கணக்கில் வரும்.

இதற்கு இரண்டு வாரக் குறிப்பு போதும். ஒரு நாளைக்கு நாலு வரி: என்ன செய்தாள், எவ்வளவு நேரம், அதற்குப் பிறகு என்ன நடந்தது, எப்போது தெளிந்தாள். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2021 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி இந்த நோயின் அடையாளமாகச் சொல்வதே அதைத்தான்: செய்த வேலைக்குப் பொருந்தாத அளவு மோசமாதல், பெரும்பாலும் சில மணிநேரமோ சில நாளோ கழித்து, தெளிய நீண்ட காலம். செவ்வாய் தலை முழுகியவள் வியாழன் கட்டிலை விட்டு எழும்பவில்லை என்றால், அந்த வியாழன் ‘குளித்தல்’ என்ற கேள்வியின் கீழ் வர வேண்டும். ஷவருக்குள் கதிரை போட்டால் 2 புள்ளி. தலைமயிர் கழுவ மற்றவர் கை வேண்டுமென்றாலும் 2. இதில் கூடியது ஒன்றைத்தான் எடுப்பார்கள், கூட்ட மாட்டார்கள்.

நடப்பதை மீற்றரில் கேட்பார்கள். 20 மீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பிட்ச்சின் நீளம். அவள் வாசலிலிருந்து எதுவரை அந்த அளவு, எதுவரை 50, எதுவரை 200 என்று ஒரு தடவை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். “கடைக்குப் போவேன்” என்ற சொல்லுக்குள் தூரமும் இல்லை, வழியில் மதிலில் சாய்ந்து நின்றதும் இல்லை.

மீள்மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. முன்பைவிடச் சுலபமா, கடினமா, மாற்றமில்லையா என்று கேட்பார்கள். மாற்றமில்லை என்று அடையாளம் போட்டுவிட்டு இரண்டு சொல் எழுதி அனுப்புகிறவர்கள் பலர். பழைய படிவத்தைத் தேடி எடுத்து வாசிப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். முதல் தடவை விண்ணப்பிப்பதுபோல முழுவதையும் எழுத வேண்டும். திருப்பி அனுப்பப் பெரும்பாலும் ஒரு மாதம்தான் தருவார்கள். போதாதென்றால் திகதி முடிய முன்பே ஃபோன் எடுத்து நீடிப்புக் கேட்கலாம்.

இங்கேதான் உங்கள் வேலை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. அவள் படுத்தபடியே இரண்டு மூன்று நிமிடம் வொய்ஸ் நோட் போடட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். கையெழுத்து அவளுடையது. கடைசியில் “நான் சொல்லச் சொல்ல என் அக்கா 20 நாளாக எழுதியது” என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், இவ்வளவு சீராக எழுதக்கூடியவருக்கு இந்த நோயில் வரும் மூளை மந்தம் (யோசனையும் சொல்லும் தடுமாறுவது) எங்கே என்று எண்ண இடமுண்டு. ஒவ்வொரு தாளிலும் பெயர், பிறந்த திகதி, தேசியக் காப்புறுதி இலக்கம். மூலப் பிரதிகளை அனுப்பாமல், தபாலில் போட்டதற்கு ரசீது எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்களும் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். “அவள் பாவம்” என்ற ரகமாக இல்லாமல், கண்ணால் கண்டதை: வீடியோ அழைப்பில் பத்து நிமிடத்தில் சொல் வராமல் நிற்பது, முன்பு தினமும் கதைத்தவள் இப்போது வாரத்தில் ஒரு நாள் கதைப்பது.

வைத்தியர் கடிதம் “நீண்டகாலக் களைப்பு உண்டு” என்று மட்டும் இருந்தால் உதவாது. ஜீ.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) கேட்க வேண்டியது, எந்தச் செயல் எந்த அளவுக்கு முடியவில்லை என்று. இந்த நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதையும், கிளினிக்கிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் அது குணமானதால் அல்ல என்பதையும் அவர் எழுதினால் நல்லது. விசேட சிகிச்சை எதுவும் இல்லையே, ஆகவே நோய் லேசானது என்று அறிக்கையில் வருவது உண்டு. குணமாக்கும் மருந்தே இல்லாத நோய்க்கு எந்தச் சிகிச்சையைக் காட்டுவது!

ஃபோன் மதிப்பீடு ஒரு மணிநேரம் வரை போகலாம். எடுப்பவர் தாதியாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பார், எம்.ஈ. நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பதிவு செய்ய வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். அவள் சம்மதித்தால் நீங்களும் அழைப்பில் இருக்கலாம். லண்டன் காலை 9 மணி, கோடையில் கொழும்பில் பிற்பகல் 1.30. “இந்த அழைப்புக்காக நேற்று முழுக்கப் படுத்திருந்தேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லட்டும். இல்லாவிட்டால் ‘55 நிமிடம் தெளிவாகக் கதைத்தார்’ என்பது அறிக்கையில் ஏறும். அடுத்த மூன்று நாள் எப்படி இருந்தாள் என்பதையும் குறித்து வையுங்கள். முடிவு பாதகமாக வந்தால் அந்தத் தாள் தேவைப்படும். மறுபரிசீலனை கேட்க முடிவுக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதம். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்கி, பிழையான வரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அந்தக் காலத்தில் பழைய தொகை வராது. வென்றால் நிலுவை சேர்ந்து வரும். சிற்றிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்கள் இதற்கு இலவசமாக உதவுகின்றன. படிவம் நிரப்பிக் கொடுக்கக் காசு கேட்கும் ஆட்களிடம் போக வேண்டாம்.

அம்மாவின் அழைப்பைப் பற்றி. தற்காலிகமாக 13 வாரம் வரை வெளிநாட்டில் இருந்தாலும் பிப் தொடரும். 4 வாரத்துக்கு மேலென்றால் முன்பே அறிவிக்க வேண்டும். ஆனால் படிவம் கொடுத்து முடிவு வரும்வரை பயணம் வேண்டாம். நல்ல காரணமின்றி மதிப்பீட்டு அழைப்பைத் தவறவிட்டால் கொடுப்பனவு நிற்கலாம். பிறகு வரும்போது விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யட்டும், வந்திறங்கி எத்தனை நாள் படுத்திருந்தாள் என்றும் எழுதி வையுங்கள். அடுத்த மதிப்பீட்டில் “இலங்கை போனீர்களே?” என்று கேட்டால் மறைக்காமல் அதைக் காட்டலாம். அம்மாவிடம் மட்டும், வந்த முதல் வாரம் சொந்தக்காரர் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.