பேசுவது யார், பார்ப்பது யார்?

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ படித்தேன். ஊர்ப் பாதிரியார் எல்டனுக்கு எம்மாவின் தோழி ஹாரியட் மேல்தான் ஆசை என்று எம்மாவைப் போலவே நானும் நம்பினேன். கடைசியில் அவன் வண்டியில் வைத்து எம்மாவிடமே காதலைச் சொல்கிறான்! ‘நான்’ என்று சொல்லும் கதையில் சொல்பவர் தவறலாம், சரி. படர்க்கையில் சொல்லும் ஆசிரியர் இப்படி ஏமாற்றலாமா?

பதில்: ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஏமாற்றியிருக்கிறாரே, 1815 கடைசியில் வெளிவந்த அந்த நாவலின் பெரிய சாதனையே அதுதான். பேசுவது ஆசிரியர், ஆனால் பார்ப்பது பெரும்பாலும் எம்மா. நானே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன். “எல்டனுக்குக் காதல் வந்துவிட்டது என்று எம்மா நினைத்தாள்.” இதில் ‘என்று நினைத்தாள்’ நம்மை உஷார்ப்படுத்திவிடும். அதை எடுத்துவிட்டு, “எல்டனுக்குக் காதல் வந்துவிட்டது, இனி சந்தேகமே இல்லை” என்று எழுதினால், வாக்கியம் படர்க்கையில்தான் நிற்கிறது, அந்த நிச்சயம் மட்டும் எம்மாவுடையது, நாமோ அதை ஆசிரியர் வாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

படம் வரையும் இடத்தை மறுபடி படியுங்கள். ஹாரியட் உட்கார்ந்திருக்கிறாள், எம்மா வரைகிறாள், எல்டன் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு கோட்டையும் பார்க்கிறான், அப்புறம் சட்டம் போட அந்தப் படத்தைத் தானே லண்டனுக்கு எடுத்துப் போகிறான். முதல் வாசிப்பில் அத்தனையும் ஹாரியட்டுக்காக என்று தோன்றும். இரண்டாவதில், அவன் மயங்கியது வரைந்த கையில் என்பது பளிச்சென்று தெரியும். எம்மாவின் அக்கா கணவர் ஜான் நைட்லி இதை நேராகவே எச்சரிக்கிறார். அவள் சிரித்துத் தள்ளிவிடுகிறாள், கூடவே நாமும்.

கேள்வி: எமிலி பிரான்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ கதையை வீட்டில் வேலை பார்க்கும் நெல்லி ஏன் சொல்ல வேண்டும்?

பதில்: அவளும் நேரே நம்மிடம் சொல்லவில்லை. வாடகைக்கு வந்த லாக்வுட்டிடம் சொல்கிறாள், அவன் எழுதுகிறான். நெல்லியை வெறும் சாட்சி என்று எடுத்துக்கொண்டால் நாவலில் பாதி போய்விடும். அந்தச் சமையலறை இரவை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் எடுத்து வளர்க்கப்பட்ட ஹீத்க்ளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழிவு என்று வீட்டுப் பெண் கேத்தரின் நெல்லியிடம் சொல்கிறாள். அதைக் கேட்டதும் அவன் சத்தமில்லாமல் எழுந்து போகிறான், அவன் மேல் அவளுக்கு இருக்கும் காதலை அவள் சொல்லும் வரை நிற்கவில்லை. பெஞ்சின் முதுகு மறைத்ததால் கேத்தரினுக்கு அவன் தெரியவில்லை. பார்த்தவள் நெல்லி ஒருத்திதான். என்ன ஆயிற்று என்று கேத்தரின் கேட்கும்போதும், வேலைக்காரன் ஜோசப் வருகிறான் என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். உண்மையை நெல்லி சொல்வதற்குள் அவன் போயே போய்விட்டான். திரும்பி வர மூன்று வருடம் ஆகிறது. இவ்வளவையும் அவள் தன் வாயாலேயே சொல்வதால்தான் நமக்கு அவள் மேல் சந்தேகம் வருகிறது. 1847-லேயே எமிலி பிரான்டி இதைச் செய்துவிட்டார்!

கேள்வி: ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவது குறைதானே?

பதில்: எனக்கு அதுதான் அந்த நாவலின் உயிர். 29-ஆம் அத்தியாயம் கதாநாயகி டோரத்தியாவின் ஒரு காலைப்பொழுதில் தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே உடைந்து, ஏன் எப்போதும் டோரத்தியா, இந்தக் கல்யாணத்தைப் பார்க்க அவள் பக்கம் ஒன்றுதான் உண்டா என்று கேட்டுவிட்டு, அவள் கணவர் கசாபன் பக்கம் திரும்புகிறது. அதுவரை அந்த வறட்டுப் பண்டிதர் மேல் எனக்கு எரிச்சல்தான். அந்த இடத்தில் புத்தகத்தை மடக்கிவிட்டு, முந்தைய 28 அத்தியாயங்களில் அவர் பேசிய இடங்களைத் தேடிப் போனேன்.