பட்டா இல்லாதவர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

ஆலைக்கோ குவாரிக்கோ அரசு கொடுத்த அனுமதியை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை அமைத்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஐயா, ஊரை ஒட்டிக் கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எனக்கு இங்கே ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, வாடகை வீடுதான். வழக்குப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். மேல்முறையீட்டுக்கான 16ஆம் பிரிவு 'பாதிப்புற்ற எவரும்' என்றுதான் சொல்கிறது; பட்டாவைக் கேட்கவில்லை. இந்தச் சொல்லுக்குத் தீர்ப்பாயம் விரிவாகவே பொருள் கொண்டிருக்கிறது. ஆனாலும் மனுவில் 'பொதுநலன்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். குவாரிக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. உரிமை போய்விட்டதா?

இல்லை. போயிருந்து எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்தால் வழக்கு வலுவாக இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்யப்படாதது.

18ஆம் பிரிவு அமைப்புகளுக்கும் இடம் தருகிறது. 1996இல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்றின் மனுவில்தான் பிறந்தது. இருந்தாலும் பதிவு பற்றிய வாதத்தில் நேரத்தை ஏன் தொலைக்க வேண்டும்? ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் தங்கள் பெயரிலேயே போடுங்கள்.

அனுமதி கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் பொக்லைன் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். 'நீ யார்?' என்ற கேள்வியைத் தாண்டிவிடலாம். 'இத்தனை நாள் எங்கே இருந்தாய்?' என்பதைத் தாண்டுவதுதான் கடினம். மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் தாமதத்தைக்கூடத் தீர்ப்பாயத்தால் மன்னிக்க முடியாது.

ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? உத்தரவில் கையெழுத்தான நாளிலிருந்து அல்ல, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. அருணாசலப் பிரதேசத்தின் தவாங் பகுதியில், நியாம்ஜாங் சூ நீர்மின் திட்டத்தை மோன்பா மக்களின் அமைப்பு எதிர்த்த வழக்கில் 2013இல் இது விளக்கப்பட்டது. அனுமதி உத்தரவைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இணையத்தில் வெளியிட வேண்டும். திட்டக்காரர் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் நகல் 30 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றில் எது முதலில் முழுமையாக நடந்ததோ, அன்றிலிருந்து கணக்கு. அந்த வழக்கில் தாமதம் மன்னிக்கப்பட்டது. 2016இல் திட்டத்தின் அனுமதியே நிறுத்தி வைக்கப்பட்டது. அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் கருங்கழுத்துக் கொக்கும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே, விளம்பரம் வந்த நாளிதழின் தேதியையும், ஊராட்சியில் நகல் ஒட்டப்பட்டதா என்பதையும் இன்றே விசாரியுங்கள். காலம் கடந்திருந்தால் அனுமதியை விட்டுவிட்டு, அதன் நிபந்தனைகள் மீறப்படுகின்றனவா என்று பாருங்கள். மீறல் இருந்தால் 14ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை மனுப் போடலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கும் வழி அடைபடவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் அங்கேயும் கேட்பார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? வக்கீல் கட்டாயமா?

இழப்பீடு கேட்காத மனுவுக்கு விதிப்படி 1,000 ரூபாய் கட்டணம். கேட்டால், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. நீங்களே நின்று வாதாடலாம். ஆனால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படித்து ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு நிபுணர் வேண்டும். உண்மையான செலவு அதுதான். பொய் வழக்கு என்று தீர்ப்பாயம் கருதினால், எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

எங்கள் பிரச்சினை யானை வழித்தடம்.

தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதி என்றால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள்.