பெட்ரோல் வரி, நிலக்கரி வரி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பருவநிலை மாற்றம் பற்றிய தங்கள் கட்டுரையில், பெட்ரோல், டீசல் மீதான வரியைக் குறைக்கக் கூடாது, புகையைக் கட்டுப்படுத்த அதுவும் ஒரு வழி என்று எழுதியிருந்தீர்கள். நான் மதுரைப் பக்கம் செக்கானூரணிக்காரன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. பைக் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. பெட்ரோல் 70 ரூபாய்க்கு விற்றபோதும் இதே வண்டியில் போனேன், 100 ரூபாயைத் தாண்டிய பிறகும் இதே வண்டியில்தான் போகிறேன். வரி ஏறியதால் என் வண்டியின் புகை குறையவில்லை, வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணம்தான் குறைந்தது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்து விலையை இறக்க வேண்டும் என்பது என் கருத்து. கார் வைத்திருப்பவர்களுக்கு வரி உயர்வை ஆதரிப்பது எளிது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாசகர், செக்கானூரணி

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கில்தான் நமக்குள் வழக்கு.

விலை ஏறினால் மறுநாளே யாரும் வண்டியை நிறுத்திவிடுவதில்லை. வேலைக்குப் போகிறவர் போய்த்தான் ஆக வேண்டும். விலையின் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும். அடுத்த வண்டி வாங்கும்போது மைலேஜ் பார்ப்பார்கள், மின்சார ஸ்கூட்டரை விசாரிப்பார்கள், வீட்டை வேலைக்கு அருகில் மாற்ற முடிந்தவர்கள் மாற்றுவார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இல் கார்பன் வரி, அதாவது எரிபொருளிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவின் அளவுக்கேற்ற வரி, கொண்டுவந்தது. அதனால் வெளியேற்றம் 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாக ஆய்வுகள் மதிப்பிட்டன. பெரிய அற்புதம் இல்லை, பயனற்றதும் இல்லை. ஆனால் மாறுவதற்கு வேறு வழி இருக்கிறவனைத்தான் வரி மாற்றும். உங்களுக்கு அந்த வழி இல்லை என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் ஊர் வழியாகப் போகும் தேனிச் சாலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குப் போன மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய ஆண்டுகள் முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. அந்தக் காலத்தில் தேனிச் சாலையில் பைக் வாங்கியவர்களை வரி எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியும்? மதுரைக்கென்று திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை போட்ட மெட்ரோ திட்டத்தையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.

இப்போது அந்த வரியையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு ஆனது. அதில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசுதான். மாநிலங்களோடு பகிர்ந்துகொள்வது அந்த ஒன்று நாற்பதை மட்டும். சிறப்புக் கூடுதல் கலால் 13 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி) 5 ரூபாய், வேளாண் செஸ் இரண்டரை ரூபாய் ஆகிய மற்றவை எல்லாம் மத்திய அரசிடமே நிற்கும். காற்றின் பெயரால் இதில் ஒரு காசுகூட இல்லை. சாலை போடுவதற்கென்று ஐந்து ரூபாய் இருக்கிறது, அந்தச் சாலை இன்னும் கொஞ்சம் வண்டிகளைக் கூட்டி வரும். இதைச் சுற்றுச்சூழல் வரி என்று யாராவது மேடையில் சொன்னால் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அது ஏறி இறங்கிய விதத்தையும் பாருங்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை தரைதட்டியபோது பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே இரவில் ஏற்றினார்கள். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். ஏற்றியதும் குறைத்ததும் கஜானாவையும் விலைவாசியையும் பார்த்துத்தான், வானத்தைப் பார்த்து அல்ல. ஸ்வீடன் 1991இல் கார்பன் வரியைத் தொடங்கி, பல ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தியது. இனி விலை எந்தத் திசையில் போகும் என்று தெரிந்தால்தான் வண்டி வாங்குகிறவரும் வண்டி தயாரிக்கிறவரும் அதற்கேற்ப முடிவெடுக்க முடியும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 2025 ஏப்ரலின் அந்த மத்திய கலாலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 9,500 ரூபாய் ஆகிறது. மாநில வரியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதாவது, பெயர் வைக்காமலேயே உங்கள் பைக்கின் மீது கனமான ஒரு கார்பன் வரி ஏற்கெனவே இருக்கிறது. நாட்டின் வெளியேற்றத்தில் முதலிடத்தில் இருக்கும் நிலக்கரிக்கு என்ன வரி? 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி செஸ் போட்டார்கள். 2016இல் அது 400 ரூபாய் ஆனது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு வரும். கணக்குப் போட்டால் ஒரு டன் வாயுவுக்கு 270 ரூபாய்கூட இல்லை. செக்கானூரணியிலிருந்து கப்பலூருக்கு பைக்கில் போகிறவர், ஒரு டன் வாயுவுக்கு அனல்மின் நிலையத்தைவிட முப்பது மடங்குக்கு மேல் கட்டியிருக்கிறார்.

அந்த நானூறு ரூபாயாவது சூரிய மின்சாரத்துக்குப் போனதா என்றால், 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அதை மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாற்றிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் அதுவும் போய், நிலக்கரிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஆயிற்று.

ஆகவே பெட்ரோல் வரியை இன்னும் ஏற்றினால் பருவநிலைக்கு நல்லதா என்று கேட்டால், இப்போதைக்கு ஏற்ற வேண்டியது அதுவல்ல என்பேன். ஏற்ற வேண்டியது நிலக்கரி வரி. அதிலும் மின்கட்டணம் உயராமல் ஏழை வீடுகளைக் காக்க வேண்டியிருக்கும், சுலபம் இல்லை. டீசல் கதையும் தனி. ஒட்டன்சத்திரத்திலிருந்து பரவை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வரும் லாரிக்காரர் வரியை வாடகையில் சேர்ப்பார், வாடகை தக்காளி விலையில் சேரும், லாரி அதே லாரிதான். மாட்டுத்தாவணிக்கு விடியுமுன் மல்லிகை கொண்டுவரும் சிறு வண்டிகளும் அப்படித்தான்.

வரிப்பணத்தை மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பொருளாதார அறிஞர்கள் பலரின் யோசனை. பிரிட்டிஷ் கொலம்பியா வருமான வரியைக் குறைத்து ஈடு செய்தது. நம் ஊரில் அது பலிக்காது, வருமான வரி கட்டுகிறவர்களே சிலர்தான். பிரான்சில் எரிபொருள் வரியை ஏற்றப்போய், 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் சாலைகளை மறித்தார்கள், அரசு பின்வாங்கியது. மறித்தவர்களில் பலர், பஸ் வராத ஊர்களிலிருந்து காரை நம்பி வேலைக்குப் போகும் உங்களைப் போன்றவர்கள். நம்மிடம் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அது பஸ். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவை மாநில அரசு தருகிறது. பட்டறை முடியும் நேரத்தில் கப்பலூரிலிருந்து ஒரு பஸ் விட்டால், உங்களிடம் வரி பற்றிப் பேசும் தகுதி அரசுக்கு வரும். அதற்கு முன் வராது.

கடைசியாக ஜிஎஸ்டி. இதில் நான் உங்களுடன் இல்லை. தமிழ்நாடு இப்போது பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தபோது மாநில நிதியமைச்சராக இருந்தவர், அன்றைய மதுரை மத்தியத் தொகுதி எம்.எல்.ஏ. பழனிவேல் தியாகராஜன். ஒரு மாநிலம் தானாக ஏற்றவும் இறக்கவும் முடிகிற வரிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. இதையும், மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலிடம் கொடுத்துவிட்டால், உங்களுக்கு லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம். கப்பலூர் பஸ்ஸுக்கான பணத்தை அதன் பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?