பாக்கெட்டில் ‘ஜி.எம்.’ என்று போடவில்லை: கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

கேள்வி: சேலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், அமெரிக்காவில் தயாரான மக்காச்சோள சிப்ஸ் வாங்கினேன். மக்காச்சோள மாவு, சோயா லெசித்தின் என்று பாக்கெட்டில் இருக்கிறது. மரபணு மாற்றிய (ஜி.எம்.) சோளமா என்பது எங்கும் இல்லை. கடையில் தெரியாது என்கிறார்கள். இறக்குமதியாளருக்கு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. அதைச் சாப்பிட்டபோதெல்லாம் என் மகனுக்கு உடம்பில் தடிப்பு வந்தது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? இதையெல்லாம் கண்காணிப்பது யார்?

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் நஷ்டஈட்டு வழக்கில் ஆரம்பிக்காதீர்கள். ஆய்வக அறிக்கை இல்லாமல் போனால், “இது மரபணு மாற்றிய சோளம் என்பதற்கு ஆதாரம் என்ன?” என்ற ஒரே கேள்வியில் வழக்கு நின்றுவிடும். ஆதாரத்தைச் சட்டப்படி சேர்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜி.எம். ரகங்கள். இங்கே விவசாயிகள் சட்டப்படி விற்பனைக்குப் பயிரிடும் ஜி.எம். பயிர், 2002-ல் அனுமதி பெற்ற, பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி மட்டும்தான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன் 22-ஆம் பிரிவு, சட்டமும் விதிமுறைகளும் அனுமதித்தால் ஒழிய, மரபணு மாற்றிய உணவை யாரும் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. ஆக, ‘ஜி.எம். என்று ஏன் அச்சிடவில்லை’ என்பதற்கு முன்னால் ‘இதை விற்க அனுமதி இருக்கிறதா’ என்று கேளுங்கள். அது இன்னும் வலுவான கேள்வி.

சிக்கல் விதிமுறைகளில்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021 நவம்பரில் ஜி.எம். உணவுக்கான வரைவை வெளியிட்டது. 2022 நவம்பரில் திருத்திய வரைவு வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வரைவிலேயே இழுத்துக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் 65 மாதிரிகள் வாங்கிச் சோதித்தபோது 32 சதவீதத்தில் ஜி.எம். தடயம் இருந்தது. கண்காணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதற்கு அது போதும். இறக்குமதிப் பயிர்கள் 24-க்கு ‘ஜி.எம். இல்லை’ என்ற சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஆகஸ்டில் ஆணை வந்தது, 1 சதவீதம் வரை தற்செயல் கலப்புக்கு விலக்கோடு. அது பயிராக வரும் சரக்குக்கானது. உங்கள் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அதை நம்பி வாதாட முடியாது.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு. பலருக்கும் இது தெரியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வரவேண்டும் என்று காத்திருக்காமல், வாங்கிய நுகர்வோரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை வாங்கலாம். ஒரு நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பிரித்து வைத்திருக்கும் பாக்கெட் இதற்கு உதவாது. அதே பேட்ச் எண் உள்ள, சீல் பிரிக்காத பாக்கெட்டுகள் மூன்று நான்கு வாங்குங்கள். சோதனைக்கு அனுப்பப்போவதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் கடை முகவரிக்கு அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், பில் பத்திரம். உணவு சட்டத்துக்கு முரணானது என்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் மரபணுவைக் கண்டறிய பி.சி.ஆர். முறை தேவை. அந்த வசதி எந்த அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் உண்டு என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் முதலில் எழுதிக் கேளுங்கள். அதே கடிதத்தில், அவரே மாதிரி எடுத்து நடவடிக்கை எடுக்கும்படியும் புகார் கொடுத்துவிடுங்கள். லேபிள் பொய் என்று நிரூபணமானால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எண்ணெய் பற்றியும் சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும்: சுத்திகரித்த எண்ணெயில் மரபணு மிச்சமே பெரும்பாலும் இருக்காது, சோதனை கடினம். தவிர, ஜி.எம். சோயா எண்ணெய் இறக்குமதிக்கு 2007-லேயே அனுமதி தரப்பட்டிருக்கிறது.

மகனின் தடிப்பைத் தனியாகப் பாருங்கள். முதலில் டாக்டரிடம் அலர்ஜி சோதனை செய்யுங்கள். சோயாவே ஒவ்வாமல் போகலாம், அதற்கு மரபணு மாற்றம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என்று 2020-ன் லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் குறிப்பு பாக்கெட்டில் இல்லையென்றால் அதுவே நேரடியான, எளிதில் நிரூபிக்கக்கூடிய புகார்.

அறிக்கை சாதகமாக வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(9)-ல் பொருளின் தரம், தூய்மை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. சோதனை இல்லாமல் குறையை முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையமே 38-ஆம் பிரிவின்படி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். சீல் பிரிக்காத பாக்கெட்டுகளை வைத்திருக்கச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கண்காணிப்பது யார் என்ற கேள்விக்கு: ஜி.எம். பயிரை வயலுக்கு விடுவது பற்றி முடிவெடுப்பது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, உணவாக விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. மக்கள் குரலுக்கு இங்கே மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2009 அக்டோபரில் குழு பச்சைக்கொடி காட்டிய பி.டி. கத்தரியை, ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட பிறகு 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். ஜி.எம். கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும், அந்தக் கடுகுக்கு மத்திய அரசு தந்த அனுமதி செல்லுமா என்பதில் வேறுபட்டார்கள். ஆனால் பல தரப்பினரையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், இறக்குமதியாகும் ஜி.எம். உணவு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் லேபிள் விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். உங்கள் புகாரில் அதைத் தவறாமல் எழுதுங்கள்.

கூடவே 10 ரூபாய் கட்டி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-க்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு. கருத்து கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள்: 22-ஆம் பிரிவில் அனுமதி பெற்ற ஜி.எம். உணவுகளின் பட்டியல், கடந்த மூன்று ஆண்டுகளில் சென்னை துறைமுகத்தில் ஜி.எம். சோதனைக்கு எடுத்த மாதிரிகள், அவற்றின் முடிவுகள். 30 நாளில் பதில் வர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். ஜி.எம். கடுகின் பாதுகாப்புத் தரவுகளை வெளியிடச் சொல்லி மத்திய தகவல் ஆணையம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

அப்புறம், சூப்பர் மார்க்கெட் பில் சீக்கிரம் மங்கிவிடும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.