சிலிண்டரிலிருந்து கரண்டும் வெந்நீரும்: காந்தலூருக்குச் சரிப்படுமா?

கேள்வி: மூணாறு பக்கத்து மலை ஊரான காந்தலூரில் ஆறு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மழைக்காலத்தில் லைன்மேல் மரம் சாய்ந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகிவிடுகிறது. இந்தக் குளிரில் தங்க வருபவர்களுக்கு வெந்நீர் இல்லை என்று சொல்ல முடியாது. ஒசாகாவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே வீடுகளில் கேஸிலிருந்தே கரண்டும் வெந்நீரும் தரும் ஃப்யூயல் செல் மெஷின் இருக்கிறது, பழைய யூனிட் ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். மைத்துனர் சொல்வது பொய்யில்லை. ‘எனெஃபார்ம்’ என்ற பெயரில் ஜப்பானில் 2009 முதல் விற்கிறார்கள், ஐந்து லட்சம் யூனிட்டுக்கு மேல் பொருத்தியும் விட்டார்கள். ஆனால் அந்த மெஷினுக்குத் தோதான வீடு வேறு, உங்கள் ஹோம்ஸ்டே வேறு.

அது கேஸை ஜெனரேட்டர் போல எரித்து எஞ்சினைச் சுற்றுவதில்லை. கேஸோடு நீராவி சேர்த்து முதலில் ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடித் தண்ணீராகும்போது கரண்ட் பிறக்கிறது. கூடவே வரும் சூட்டை வீணாக்காமல் தொட்டியில் வெந்நீராகப் பிடித்து வைக்கிறது. கேஸிலுள்ள ஆற்றலில் சுமார் 40 சதவீதம் கரண்டாகவும், கிட்டத்தட்ட அதே அளவோ சற்றுக் கூடுதலோ சூடாகவும் கைக்கு வரும். சத்தம் குறைவு, புகை கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான வீட்டு மாடல் தருவது 700 வாட். அதாவது அறைகளுக்கு லைட், ஃபிரிட்ஜ், வைஃபை ஓடும்; 2,000 வாட் கீசர் ஒன்றைக்கூட அதில் போட முடியாது. வெந்நீர் அதன் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால் சுமார் 17 யூனிட் கரண்டும், 60 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 400 லிட்டர் வெந்நீரும் கிடைக்கும். ஆறு அறையும் நிறைந்த சனி, ஞாயிறுக்கு அது போதும். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் கேஸ் தின்னும். ஹோம்ஸ்டே வணிகம் என்பதால் வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ சிலிண்டர்தான். அது ஆறு நாள் தாங்காது. ஒரு சிலிண்டரில் வரும் கரண்ட் 100 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. மறையூரிலிருந்து ஜீப்பில் ஏற்றிவரும் கூலியையும் சேர்த்து சிலிண்டருக்கு ஆகும் தொகையை அந்த யூனிட் எண்ணிக்கையால் வகுத்து, மின்வாரிய பில்லில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிடுங்கள். வெந்நீருக்குத் தாராளமாக விலை போட்டுக் கழித்தாலும் கட்டாது.

இதைவிடப் பெரிய சிக்கல் செவ்வாய், புதன்கிழமைகளில் வரும். ஆள் இல்லை, யாரும் குளிக்கவில்லை, தொட்டி நிறைந்துவிட்டது. சூட்டை இறக்கி வைக்க இடமில்லை என்றால் மெஷின் நின்றுவிடும், கரண்டும் அதோடு நிற்கும். நான்கு பேர் தினமும் மாலையில் தொட்டியில் அமர்ந்து குளிக்கிற ஜப்பானிய வீட்டை மனதில் வைத்துச் செய்த கருவி அது. தெருவரை குழாயில் கேஸ் வரும், வெந்நீர்ச் செலவு நாள் தவறாது. சீசனுக்குச் சீசன் கூட்டம் மாறும் மலை ஊர் அந்தக் கணக்குக்குள் வராது.

அப்புறம், கரண்ட் போகும் நேரத்துக்குத்தானே கேட்கிறீர்கள்? பெரும்பாலான பழைய மாடல்கள் லைனில் கரண்ட் போனதும் தாமும் நின்றுவிடும். தனித்து ஓடும் வசதியுள்ளவையும் பொதுவாக அந்த நேரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்தான் தொடரும். நின்று குளிர்ந்ததை மறுபடி கிளப்ப வெளியிலிருந்து கரண்ட் வேண்டும்.

பராமரிப்பையும் யோசியுங்கள். கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் கேஸில் சேர்க்கும் நாற்றப் பொருளில் கந்தகம் இருக்கிறது. அது உள்ளே போனால் ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் வினையூக்கி பாழ். அதனால் வழியிலேயே கந்தகத்தை உறிஞ்ச ஒரு வடிகட்டி உண்டு. அது நிறைந்தால் மாற்றியாக வேண்டும். உடுமலையில் கேட்டால் கிடைக்குமா?

கேஸ் வேண்டாம், நேரே ஹைட்ரஜன் சிலிண்டர் வாங்கலாமா என்று அடுத்து தோன்றலாம். வெல்டிங் பட்டறைகளில் நிற்கும் ஆளுயர சிலிண்டர் அளவில் ஹைட்ரஜன் நிரப்பினால், அதிலிருந்து வருவது பத்து யூனிட் கரண்ட். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

நம் நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. காரைக்குடி ‘செக்ரி’ (மின்வேதியியல் ஆய்வகம்) உள்ளிட்ட, மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த ஆய்வகங்கள் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த 5 கிலோவாட் ஃப்யூயல் செல்லை 2019-ல் அறிமுகப்படுத்தினார்கள். சென்னை தரமணியில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கி மாட்டிவிட்டு, பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிடும் கட்டம் இன்னும் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, கரண்டையும் வெந்நீரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். லைட், ஃபிரிட்ஜ், வைஃபைக்கு 5 கிலோவாட்-ஹவர் (அதாவது 5 யூனிட்) லித்தியம் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர். 400 வாட் சுமைக்கு இரவைத் தாண்டும். வெந்நீருக்கு, நீங்கள் மலை மழையைத் தடுக்கும் மறைவுப் பக்கம் இருப்பதால் மூணாறுக்காரர்களைவிட வெயில் அதிகம். தெற்கு பார்த்த கூரையில் குழாய் வகை சோலார் ஹீட்டர் போடுங்கள். பெரிதாகச் செலவு செய்ய முடிந்தால் 300 லிட்டர் ஹீட் பம்ப் வைக்கலாம். காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவதால், ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். ஆனால் கரண்ட் இல்லாத நாளில் அதுவும் உதவாது, அதனால் பின்கட்டில் விறகு பாய்லர் இருந்தால் கழற்றிவிடாதீர்கள்.

மைத்துனருக்குச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ், வீட்டு லைன் 100, 200 வோல்ட். நம்முடையது 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட். இந்த மெஷின் லைனோடு ஒத்துப்போனால்தான் கரண்டை விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது.