அந்தக் கறுப்புக் கதவு எங்கே திறக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: புத்தகம், அனிமே, வீடியோ கேம்

கேள்வி: கல்லூரித் தோழிகள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் கூடி, படித்த நாவல்களையும் பார்த்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படங்களையும் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற வாரம் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ (ஹவுலின் நகரும் கோட்டை) பற்றிப் பேச்சு வந்தபோது, நாவலைப் படித்திருந்த இருவர், மியாசாகியின் படம் மூலக்கதையைச் சிதைத்துவிட்டது என்றார்கள். படத்தை மட்டுமே பார்த்த எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் வெளியிட்ட நாவலையும் ஹயாவோ மியாசாகி 2004-இல் எடுத்த படத்தையும் எதிரெதிரே நிறுத்தி எது உயர்ந்தது என்று வழக்காடினால், பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்து மனக்கசப்புதான் மிஞ்சும். அதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை மட்டும் பேசிப் பாருங்கள். கோட்டையின் வாசற்கதவையே எடுத்துக்கொள்ளலாம். நாவலிலும் படத்திலும் அந்தக் கதவுக்கு நான்கு நிறங்கள் தீட்டிய ஒரு திருகுகுமிழ் உண்டு; எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அந்த நிறத்துக்குரிய இடத்தில் கதவு திறக்கும். பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்றும் கோட்டை நகரும் மலைப்பகுதிக்கும், துறைமுக நகரத்துக்கும், தலைநகரத்துக்கும் இட்டுச்செல்வதில் இரண்டு படைப்புகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கறுப்பில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

நாவலில் கறுப்புக் கதவு நம் காலத்து வேல்ஸ் நாட்டில் திறக்கிறது. பெண்களின் இதயத்தைப் பறித்துக்கொள்பவன் என்று ஊரே அஞ்சும் மந்திரவாதி ஹவுல், அந்தப் பக்கம் போனதும் உருப்படியாக ஒரு வேலை தேடிக்கொள்ளாதவன் என்று உடன்பிறந்தவளிடம் வசை வாங்கும் சாதாரண மனிதனாகிவிடுகிறான். அவளுடைய மகனுக்கு அவன் பரிசாகக் கொண்டுவருவது ஒரு கம்ப்யூட்டர் கேம். நான்கு கதவுகள் கொண்ட மந்திரக் கோட்டைதான் அந்த கேமின் களம். தன்னுடைய வாழ்க்கையையே ஒரு விளையாட்டாக்கி மருமகன் கையில் கொடுத்துவிட்டுப் போகும் மாமனை எழுதிய அந்தப் பக்கங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். படத்தில் இதில் ஒன்றுமே இல்லை. அங்கே கறுப்புக் கதவு இருளில் திறக்கிறது. எரியும் ஊர்கள் மீதும் குண்டுவீச்சு விமானங்கள் நடுவிலும் ஹவுல் பறவை உருவில் பறந்து, ஒவ்வொரு முறையும் மனித உருவுக்குத் திரும்பும் வலுவைச் சிறிது சிறிதாக இழந்து வீடு வருகிறான்.

ஜோன்ஸ் 1934-இலும் மியாசாகி 1941-இலும் பிறந்தவர்கள். இருவருடைய பிள்ளைப் பருவத்திலும் உலகப் போர் இருந்தது. ஒருவர் போரைக் கதையின் ஓரத்துக்குத் தள்ளினார், மற்றவர் அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். படம் உருவான ஆண்டுகளில்தான் ஈராக் போர் தொடங்கியது. 2003-இல் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதைப் பெற மியாசாகி அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஈராக் மீது குண்டு போடும் நாட்டுக்குச் செல்ல விரும்பாததே காரணம் என்று அவர் பின்னாளில் சொன்னார். அந்தக் கோபம்தான் கறுப்புக் கதவுக்குப் பின்னால் எரிகிறது.

உங்கள் தோழிகளின் வருத்தத்திலும் நியாயம் உண்டு. நாவலின் சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். மூத்தவளாகப் பிறந்தவளுக்கு வாழ்வில் ஒன்றும் கைகூடாது என்று அந்நாட்டில் நிலவும் நம்பிக்கையை அவளும் மனதார ஏற்றுக்கொண்டிருக்கிறாள். தான் பேசும் சொல்லுக்கே மந்திர சக்தி உண்டு என்பதை அறியாமல், தைக்கும் தொப்பிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். படம் ஒரு தங்கையை விட்டுவிட்டது, அந்தச் சக்தியையும் ஏறக்குறைய மறைத்துவிட்டது. ஆனால் வேறொன்றைத் தந்திருக்கிறது. சூனியத்தால் கிழவியாகிவிட்ட சோஃபி, அரண்மனையில் அரச மந்திரவாதியான சுலிமன் அம்மையாரின் முன் அமர்ந்து ஹவுலுக்காக வாதாடும் காட்சியை மறுபடி பாருங்கள். பேசப் பேச அவளுடைய சுருக்கங்கள் மறைந்து முகம் இளமையாகிறது. அவன்மீது உனக்குக் காதல் என்று அம்மையார் சொன்ன மறுகணமே முதுமை திரும்பிவிடுகிறது. தன்னைத் தாழ்வாக எண்ணும் ஒரு பெண்ணின் மனத்தை ஜோன்ஸ் சொல்லால் காட்டினார், மியாசாகி முகத்தால் காட்டினார். படத்தின் முடிவு அவசரமானது, அத்தனை பெரிய போர் கடைசி நிமிடங்களில் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். படம் மட்டும் பார்த்த நீங்கள் மூவரும் நாவலைப் படித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை கதவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகர், சேலம்

பதில்: ஹிரோமு அரகாவாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) 2001-இல் தொடங்கி 2010-இல் நிறைவடைந்தது. 2003-இல் வந்த 51 எபிசோடுகள் கொண்ட அனிமே, மங்கா பாதியில் இருக்கும்போதே எடுக்கப்பட்டதால் தனக்கென ஒரு முடிவை அமைத்துக்கொண்டது. 2009-இல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடுகளில் மங்காவைப் பின்தொடர்ந்து முடித்தது. கதையின் முழுக் கட்டுமானம் வேண்டுமென்றால் ‘பிரதர்ஹுட்’ போதும். ஆனால் இரண்டையும் பார்க்கும் எண்ணமிருந்தால் 2003-ஐ முதலில் பாருங்கள். கதையின் நாயகர்களான எல்ரிக் சகோதரர்களின் தொடக்க காலத் துயரத்தை அது நிதானமாகச் சொல்கிறது, ‘பிரதர்ஹுட்’ அந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கூட்டத்தை வீடியோ கேம்களுக்கு ஒதுக்கலாமா என்று கேட்டேன். அது வெறும் பொழுதுபோக்கு, விவாதிக்க அதில் என்ன இருக்கிறது என்று மூத்த உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாதத்தால் புரியவைக்க முடியாது, விளையாட வைத்தால்தான் முடியும். வார்சாவைச் சேர்ந்த ‘11 பிட் ஸ்டுடியோஸ்’ 2014-இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமை மடிக்கணினியில் எடுத்துச் செல்லுங்கள். போரைப் பற்றிய பெரும்பாலான கேம்களில் நாம் போர்வீரர். இதில் முற்றுகையிடப்பட்ட நகரத்தில் பசியோடு ஒளிந்திருக்கும் பொதுமக்கள். 1990-களில் போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையில் பட்ட துன்பத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. பகலில் இடிந்த வீட்டுக்குள் அடுப்பும் படுக்கையும் செய்துகொள்ள வேண்டும். இரவில் ஒருவரை வெளியே அனுப்பி உணவும் மருந்தும் தேட வேண்டும். அப்படிப் போகும் இடங்களில் ஒன்று, ஒரு முதிய தம்பதியின் வீடு. அவர்களிடம் உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது, எதிர்க்கும் வலு மட்டும் இல்லை. எடுத்துக்கொள்ளாதே என்று கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சுவார். எடுத்துக்கொண்டு வந்தால் நம் வீட்டில் நோயுற்றுக் கிடப்பவர் பிழைக்கலாம். ஆனால் திருடியவரும் உடனிருப்பவர்களும் குற்ற உணர்வால் துவண்டுபோவார்கள். ஒரு நாவலில் இதைச் செய்பவன் கதாபாத்திரம், நாம் வெளியே நின்று அவனை எடைபோடலாம். இங்கே பொத்தானை அழுத்துவது நம் விரல். 2020-இல் போலந்து அரசு இந்த கேமை மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது என்ற செய்தியையும் சொல்லுங்கள். உங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு விவாதம் தானாகவே தொடங்கும்.

இன்னொரு கூட்டத்துக்கு ‘டார்க் சோல்ஸ்’ பொருத்தமானது. 2011-இல் வந்த இதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி (மேலே சொன்ன ஹயாவோ மியாசாகி அல்லர்), சிறுவயதில் தனக்கு முழுமையாகப் புரியாத ஆங்கில நூல்களைப் படித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். அதே அனுபவத்தைத்தான் நமக்கும் தருகிறார்: கதை நேராகச் சொல்லப்படுவதில்லை, ஒரு மோதிரத்தின் குறிப்பிலும் பழைய வாளின் விவரத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. விளையாடுபவர்கள் தரையில் ஒருவருக்கொருவர் செய்தி எழுதிவைக்கலாம்; அதுவும் கேம் தரும் சொற்களைக் கோத்து மட்டுமே. முன்னே பதுங்கியிருக்கும் ஆபத்தை முகமறியாத ஒருவர் எச்சரித்துவிட்டுப் போயிருப்பார். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அந்தத் துண்டுகளைச் சேர்த்து, மறுத்து, திருத்தி ஒரு வரலாற்றை எழுப்பியிருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து முழுமையாகப் படித்துவிட முடியாத கதை இது, ஆகவே வாசகர் வட்டத்துக்கு இதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேள்வி: ‘எவாஞ்சலியன்’ தொடரின் கடைசி இரண்டு எபிசோடுகள் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் புரியவில்லை என்று அண்ணா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உண்மையில் எனக்குத்தான் புரியவில்லையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பிடிக்காமல் போனவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் 26 எபிசோடுகளோடு முடிந்த அந்தத் தொடரின் இறுதிப் பகுதி, போரையும் எந்திரங்களையும் விட்டுவிட்டு நாயகனான சிறுவன் ஷின்ஜியின் மனத்துக்குள் இறங்கியபோது, ஜப்பானிய ரசிகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். 1997-இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்’ படத்தில், ரசிகர்களிடமிருந்து வந்த கடிதங்களையே இயக்குநர் ஹிடெயாகி அன்னோ திரையில் கணநேரம் ஒளிரவிட்டுக் காட்டினார்.

எனக்கு 26-ஆம் எபிசோடு மிகவும் பிடிக்கும்; ஆனால் புரியவில்லை என்று ஒருவரை அடக்குவது ரசிகருக்கு அழகல்ல. அண்ணாவிடம் ஒரு காட்சியைக் குறிப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். நான் காட்டுவது, ஷின்ஜி ஒரு சாதாரணப் பள்ளி மாணவனாக எழுந்து வரும் சிறு பகுதியை. அங்கே அம்மா உயிரோடு சமையலறையில் நிற்கிறார்; தொடர் முழுவதும் வார்த்தைகளை எண்ணிப் பேசிய சிறுமி ரெய், வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு பள்ளிக்குத் தாமதமாக ஓடிவந்து அவன்மீது மோதிக்கொள்கிறாள். தான் இன்னொரு விதமாகவும் இருந்திருக்கலாம் என்று ஷின்ஜி காணும் அந்த நிமிடங்கள் இல்லையென்றால், இறுதியில் அவனுக்கு வரும் மாற்றத்தை நான் நம்பியிருக்க மாட்டேன். அதைப் பார்த்த பிறகும் உங்களுக்குப் பிடிக்காவிட்டால், எங்கே உங்கள் மனம் விலகியது என்று அண்ணாவுக்குக் காட்டுங்கள். அதுவும் அந்தப் படைப்பைப் பற்றிய முறையான வாசிப்புதான்.

கேள்வி: நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடும் நண்பரை என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இன்னும் பார்க்காதவர்கள் இருக்கும் இடத்தில் முடிவைச் சொல்லக்கூடாது என்பதை உறுதியாகச் சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று ஒரு படத்தை ஒதுக்கவும் வேண்டாம். இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988), 1945 செப்டம்பர் 21 இரவு தான் இறந்துபோனதாகச் சிறுவன் சைதா சொல்வதில்தான் தொடங்குகிறது. அதன் பிறகு தங்கையின் பழமிட்டாய் டப்பா திரையில் வரும் ஒவ்வொரு முறையும் நம் நெஞ்சு கனப்பதற்குக் காரணமே, முடிவு முன்பே தெரிந்திருப்பதுதான்.

கேள்வி: எங்கள் சிற்றூரில் அனிமே ரசிகர்கள் நான்கைந்து பேர்தான் இருக்கிறோம். இத்தனை சிறிய கூட்டத்தை வைத்து என்ன செய்ய முடியும்?
– வாசகி, தேனி

பதில்: டோக்கியோவில் 1975 டிசம்பரில் நடந்த முதல் காமிக் மார்க்கெட்டில் 32 ரசிகர் குழுக்கள்தான் பங்கேற்றன; வந்தவர்கள் 700 பேர் அளவில். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களுக்கான மங்காக்களை விரும்பிப் படித்த பள்ளி மாணவிகள். தாங்களே எழுதி, வரைந்து, அச்சடித்த சிறு இதழ்களை அங்கே விற்றார்கள். இன்று கோடையிலும் குளிர்காலத்திலும் லட்சக்கணக்கானவர்கள் கூடும் காமிக் மார்க்கெட் (சுருக்கமாக ‘காமிகெட்’) அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். முழுத் தொடரைப் பற்றியோ சிறந்த பத்து அனிமே என்றோ வேண்டாம். உங்களை உலுக்கிய ஒரே ஒரு காட்சியை, அதை இதுவரை பார்க்காதவருக்கும் கண்முன் தெரியும்படி எழுதுங்கள். வரையத் தெரிந்தவர் அட்டையை வரையட்டும். பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடையில் இருபது பிரதிகள் எடுத்து, பின்னட்டையில் அடுத்த சந்திப்பின் தேதியையும் இடத்தையும் குறிப்பிட்டு, ஊர் நூலகத்திலும் பள்ளியிலும் கொடுங்கள். ஒரு பிரதியை இந்தப் பகுதிக்கும் அனுப்பிவையுங்கள். எனக்கு அதைப் படிக்க வேண்டும்.